குமிழிக் கார்களும் வேலையிழந்த விமானக்காரர்களும்

இசெட்டா காரின் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "கதவு எங்கே?" என்று கேட்பார்கள். பக்கவாட்டில் கதவே கிடையாது. முன்பக்கம் முழுக்க ஒரே கதவு. ஃபிரிட்ஜைத் திறக்கிற மாதிரி திறக்கணும். ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். உவமைக்காக ஃபிரிட்ஜ் என்று சொல்லவில்லை. 1953-இல் இதை அறிமுகப்படுத்திய இத்தாலியின் இசோ நிறுவனம் நிஜமாகவே ஃபிரிட்ஜ் செய்த கம்பெனிதான்.

இந்தக் குமிழிக் கார்களின் கதையில் என்னை இழுத்தது அவற்றின் அழகு அல்ல, செய்தவர்களின் பழைய தொழில். இசெட்டாவை வடிவமைத்த எர்மெனெஜில்தோ பிரெத்தி போர்க்காலத்தில் கிளைடர் வடிவமைத்தவர். ஜெர்மனியில் இதே வகைக் கார் செய்த மெஸ்ஸர்ஷ்மிட்டும் ஹைங்கலும் ஹிட்லரின் விமானப்படைக்குப் போர் விமானம் செய்தவை. இரண்டுமே வதைமுகாம் கைதிகளை வேலை வாங்கியவை. 'க்யூட்' என்று சொல்லும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

1945-இல் ஜெர்மனி தோற்றதும் நேச நாடுகள் அங்கே விமான உற்பத்திக்குத் தடை போட்டன. ஆலை இருக்கு, கைதேர்ந்த ஆள் இருக்கு, வேலைதான் இல்லை. அந்த நேரத்தில் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியாளர், போரில் ஊனமுற்றவர்களுக்காகச் சின்ன மூன்று சக்கர வண்டிகள் செய்துகொண்டிருந்தார். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களும் அதைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். அவர் மெஸ்ஸர்ஷ்மிட்டோடு கைகோத்தார். 1953-இல் கே.ஆர்.175, இரண்டு வருடம் கழித்து கே.ஆர்.200. ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரணும், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. மிச்சமிருந்த போர் விமான மூடிகளைத்தான் மாட்டினார்கள் என்று இன்றும் ஒரு கதை சுற்றுகிறது. கதைதான், உண்மையில்லை. ஆனால் ரிவர்ஸ் சங்கதி நிஜம்: எஞ்சினை அணைத்து எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்தால் நான்கு கியரிலும் பின்னால் போகலாம்!

இசெட்டாவின் உரிமத்தை வாங்கிய பி.எம்.டபிள்யூ 1955-இல் அதில் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தியது. ஒரே சிலிண்டர், 247 சிசி, 12 குதிரைத்திறன். ஏன் 250-க்குள்? ஜெர்மனியில் பழைய நான்காம் வகை லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் 250 சிசி வரை ஓட்டலாம். வாங்கக் காத்திருந்தவர் மழையில் நனைகிற பைக்காரர். அவரிடம் காருக்கான காசும் இல்லை, லைசென்ஸும் இல்லை. 1962 வரை 1,60,000-க்கு மேல் விற்றது. இதுதான் பி.எம்.டபிள்யூவைக் காப்பாற்றியது என்பார்கள். பாதிதான் சரி. அவ்வளவு விற்றும் 1959-இல் அந்தக் கம்பெனி டைம்லர்-பென்ஸ் கைக்குப் போகப் பார்த்தது. குவாண்ட் குடும்பத்துப் பணம்தான் தடுத்தது.

1956-இல் சூயஸ் நெருக்கடி, பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன். அங்கேயும் இவற்றுக்குக் கிராக்கி வந்தது. பிரைட்டனில் பழைய ரயில் எஞ்சின் பட்டறையில் இசெட்டா தயாரானது. ஆலைக்குச் சாலை வசதியே இல்லை. உதிரிபாகம் வந்ததும் கார் வெளியே போனதும் ரயிலில்தான். சாலையில் கலக்கிய கார் பிறந்தது சாலையில்லாத இடத்தில்!

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லெனார்ட் லார்டுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. நிஜமான சின்னக் கார் ஒன்று வேண்டுமென்று அலெக் இஸிகோனிஸிடம் சொன்னார். 1959-இல் மினி வந்தது. நாலு பேர் உட்காரலாம், மேடு ஏறும். குமிழிக் கார்களை வாங்க அப்புறம் காரணமே இல்லை.

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. பெர்லின் சுவர் எழுந்த பிறகு சிலர் இசெட்டாவின் ஹீட்டரைக் கழற்றினார்கள், பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் சிறிதாக்கினார்கள். எஞ்சின் பக்கத்தில் ஓர் ஆள் சுருண்டு படுக்க இடம் கிடைத்தது. இவ்வளவூண்டு வண்டிக்குள் ஆள் இருப்பான் என்று எந்தக் காவலர் நினைப்பார்? 1960-களில் கிழக்கு பெர்லினிலிருந்து அப்படியும் ஆட்கள் மேற்கே வந்து சேர்ந்தார்கள்.