உப்பும் கசப்புக் கீரையும்

வேதாகமத்தைப் பக்தியோடு படிப்பவர்கள் உண்டு. இலக்கியமாகப் படிப்பவர்களும் உண்டு. நான் சில சமயம் அதைச் சமையற்கட்டின் வாசலில் நின்றுகொண்டு படிப்பது வழக்கம். ராஜாக்களும் தீர்க்கதரிசிகளும் பேசி முடித்த பிறகு, அந்த ஜனங்களின் அடுப்பங்கரையில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அங்கே முதலில் கண்ணில் படுவது உப்பு.

அந்த நாட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. யூதேயாவுக்குக் கிழக்கே சாக்கடல் கிடக்கிறது. சாதாரணக் கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்றால், இதில் ஏறக்குறைய 34 பங்கு. அதன் தென்மேற்குக் கரையில் ஒரு மலையே உப்புப் பாறையால் ஆனது. லோத்தின் மனைவி உப்புத் தூணான கதை நடந்த பிரதேசம் இதுதான் என்பார்கள். ஒரே வசனத்தில் அவள் கதை முடிந்துவிடுகிறது, பெயர்கூட இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த பொருளைத்தான் அந்த ஜனங்கள் தங்கள் சத்தியத்துக்குச் சாட்சியாக வைத்தார்கள். போஜனபலி எதுவும் உப்பில்லாமல் படைக்கப்படக் கூடாது என்று லேவியராகமம் கண்டிப்பாகச் சொல்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மீனையும் இறைச்சியையும் கெடாமல் காப்பது உப்பு. ஆகவே கெடாமல் நிற்கவேண்டிய வாக்குக்கும் அதுவே அடையாளம். தாவீதின் வம்சத்துக்கு அரசாட்சி அளிக்கப்பட்டதை ‘உப்பு உடன்படிக்கை’ என்றே நாளாகமம் வர்ணிக்கிறது.

ஆனால் சாட்சியை எந்தப் பக்கமும் பேச வைக்கலாம் அல்லவா? எலிசா எரிகோவின் கெட்ட ஊற்றில் உப்பைப் போட்டு நீரை நல்லதாக்கினார். அபிமெலேக்கோ சீகேம் பட்டணத்தை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த மண்ணில் உப்பை விதைத்தான். எஸ்றாவின் புஸ்தகத்தில் இதைவிட ருசிகரமான ஒரு சம்பவம் வருகிறது. எருசலேமின் மதில்களை யூதர்கள் திரும்பக் கட்டுவதைப் பொறுக்காத அதிகாரிகள், பாரசீகச் சக்கரவர்த்திக்கு மனு எழுதிப்போடுகிறார்கள். அரண்மனை உப்பைத் தின்கிறவர்கள் நாங்கள், உங்களுக்கு நஷ்டம் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்பது அவர்கள் வாதம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வாதம் விளங்காமல் போகாது. விசுவாசத்தின் பெயரால் கோள் சொல்லுகிற கலை எவ்வளவு பழமையானது, பாருங்கள்! மனு பலித்தது, வேலை நின்றது.

உப்பை அடுத்து இலைதழைகள். சுவரில் முளைக்கும் அற்பச் செடி ஈசோப்பு. துளசியின் இனத்தைச் சேர்ந்த மணமுள்ள பூண்டு அது என்று தாவர நூலார் பலர் கருதுகிறார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட இரவில் கதவு நிலைகளில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைத் தெளிக்க அந்தக் கொத்துத்தான் உதவியது. அன்று அவர்கள் உண்டது புளிப்பில்லா அப்பமும் கசப்பான கீரையும். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அந்தக் கீரைகளில் முதலாவதாகக் குறிப்பிடுவது லெட்டூஸை. இளசாக இருக்கும்போது இனிப்பது, முற்றினால் கசந்துபோகும். எகிப்தும் முதலில் உபசரித்துப் பிறகுதான் அடிமைப்படுத்தியது என்று ரபீக்கள் பொருத்தம் சொன்னார்கள். பிற்காலத்தில், கண்ணீரின் ஞாபகமாக ஒரு பசுந்தழையை உப்பு நீரில் தோய்த்து உண்ணும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. பட்ட துயரத்தை நாக்கில் வைத்துக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர்கள் அவர்கள்.

அதே கீரைப் பாத்தியில்தான் ஆபத்தும் முளைத்தது. ஒற்தலாம், வெந்தயம், சீரகம் ஆகியவற்றில்கூடப் பத்தில் ஒரு பங்கை அளந்து ஆலயத்துக்குக் கொடுத்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு எழுதியிருக்கிறார். (நம் மொழிபெயர்ப்பில் ஒற்தலாம் என்றிருப்பது புதினா இனம்.) அளந்தது தப்பில்லை, நீதியையும் இரக்கத்தையும் அளக்க மறந்ததே தப்பு.

உப்பு சாரமற்றுப் போவதைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். உப்பு எப்படிச் சாரமிழக்கும் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆராய்ச்சியாளர் சிலர் சொல்லும் விளக்கம் இது: சாக்கடல் கரையில் வாரியெடுத்த உப்பு சுத்தமானதல்ல, ஜிப்சம் போன்ற வேறு பொருள்களும் அதில் கலந்திருக்கும். ஈரம் பட்டால் நல்ல உப்பு கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பொடி. பார்வைக்கு உப்பேதான், ஜாடியும் நிறைந்தே இருக்கும். வாயில் போட்டால்தான் விஷயம் தெரியும்.

மனு எழுதிய அதிகாரிகளிடமும், சீரகத்தை எண்ணிக் கொடுத்தவர்களிடமும் மிஞ்சியிருந்தது அந்த வெள்ளைப் பொடிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்கும் வழிபாடும் ஒரே நாளில் அழிந்துவிடுவதில்லை. உருவம் அப்படியே இருக்க, சாரம் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துபோகிறது.