கறுப்புடை அணிந்த இசையன்பர்கள்



சில சொற்கள் மனிதர்களைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்று, தொழிலையும் மாற்றிக்கொள்கின்றன. 'கோதிக்' என்னும் சொல் அவற்றுள் ஒன்று. கி.பி. 410இல் ரோமாபுரியைச் சூறையாடிய கோத்தியர் என்ற இனத்தாரின் பெயரே அதற்கு மூலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், இத்தாலியில் வசாரி முதலிய கலை எழுத்தாளர்கள், கூர்வளைவுகளோடு உயர்ந்து நின்ற வடநாட்டுத் தேவாலயங்களைக் கோத்தியரின் பண்படாத வேலை என்று இகழ்ந்தார்கள். உண்மையில் கோத்தியருக்கும் அக்கட்டடங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் வசை நிலைத்தது. பின்னர் வசையே புகழுமாயிற்று. சென்னைச் சாந்தோம் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாணியில்தான் எழுப்பப்பெற்றது. 1764இல் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர் பழங்கோட்டையும் பேயுருவும் நிறைந்த நாவல் ஒன்றை வெளியிட்டு, மறுபதிப்பில் அதனைக் 'கோதிக் கதை' என்று அழைத்தார். இருளும் அச்சமும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இவ்வளவும் தெரியும். அச்சொல் இசைத்துறையிலும் புகுந்து, ஒரு தலைமுறையையே ஆட்கொண்ட கதையை நான் அறிந்தது ஓய்வு பெற்ற பின்னரே.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பணிபுரியும் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அண்டை வீட்டார் என் வயதை நெருங்குபவர், நூலகப் பணியாளர். காலணி முதல் தொப்பி வரை கறுப்பு, கண்ணிலே மை, விரல்தோறும் வெள்ளி மோதிரம். முதல் நாள் அவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் என் பெட்டியை மாடிக்கு ஏற்றித் தந்தவர் அவர்தாம். பின்னர்த் தம் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்கள், ஒவ்வொன்றின் மேலும் சிறுவன் கையெழுத்தில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன.

அந்த நாள்களின் பின்னணியைச் சிறிது கூற வேண்டும். 1978-79 குளிர்காலத்தில் பிரிட்டன் முழுவதும் வேலைநிறுத்தங்கள். 1982 தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்தது. வடக்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1976இல் எழுந்த 'பங்க்' இசை, கோபத்தைக் கூவித் தீர்த்துவிட்டு விரைவில் ஓய்ந்தது. கூவி முடிந்தபின் எஞ்சிய துயரத்தைப் பாடச் சில குழுவினர் முன்வந்தனர். மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன், லண்டனில் சூக்சி அண்ட் த பான்ஷீஸ், கிராலி நகரில் த க்யூர், நார்தாம்ப்டனில் பௌஹவுஸ். பழைய டிராகுலா படத்தில் நடித்த பேலா லுகோசியின் பெயரால் பௌஹவுஸ் குழுவினர் 1979இல் வெளியிட்ட பாட்டு ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் ஓடுவது. கோதிக் இசையின் தொடக்கம் அதுவே என்பார் பலர். லீட்ஸில் 1980இல் தோன்றிய சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவில் பின்னர் முரசு கொட்ட ஆள் இல்லை. ஓர் இயந்திரம் கொட்டியது. அதற்கும் 'டாக்டர்' பட்டம் சூட்டி, குழுவில் ஓர் உறுப்பினராகவே மதித்தார்கள்! தாழ்ந்த கிதார் ஒலியே பாட்டைச் சுமந்து செல்லும். மேலே மற்றொரு கிதார் குகைக்குள் எதிரொலிப்பது போல் ஒலிக்கும். குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். முதலில் கேட்டபோது, மெய்யாகவே எனக்குத் தலைவலி வந்தது. நான்காம் முறை கேட்டபோதுதான் அதில் ஓர் இரங்கற்பா இருப்பதை உணர்ந்தேன்.

இவ்விசை ஊரூராய்ப் பரவியதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. பி.பி.சி.யில் ஜான் பீல் என்பவர் இரவு நேரத்தில் நடத்திய நிகழ்ச்சி, இசைத்தட்டு நிறுவனங்கள் திரும்பியும் பாராத குழுக்களுக்கு இடமளித்தது. சூக்சி குழு எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்யுமுன்பே, 1977இல், அவர் நிகழ்ச்சிக்காகப் பாடியது. என் அண்டை வீட்டார் பதினைந்து வயதில் போர்வைக்குள் வானொலியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்துக்கொண்டு, தந்தை அறியாமல் பதிவு செய்த நாடாக்களே நான் கண்டவை. லண்டனில் 1982இல் 'பேட்கேவ்' என்ற இசைவிடுதி திறந்தது. அங்குச் செல்ல அவரிடம் பணமில்லை. அன்னையார் பழைய கோட்டு ஒன்றைச் சாயத்தில் முக்கிக் கறுப்பாக்கித் தந்தாராம். அதை அணிந்து பேருந்தில் ஏறினால் முகத்தில் உமிழ்ந்தவர்களும் உண்டு.

உமிழ்வதோடு நிற்காத நாளும் வந்தது. 2007 ஆகஸ்டில், லங்காஷயரில் பேக்கப் என்னும் ஊர்ப் பூங்காவில், சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயது மங்கையும் அவருடைய காதலரும் சிறுவர் கூட்டத்தால் தாக்கப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் கோதிக் கோலத்தில் இருந்ததே. காதலரைத் தம் மடியில் தாங்கிக் காக்க முயன்ற சோஃபி, சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். இது வெறுப்பினால் விளைந்த குற்றம் என்று நீதிபதி கூறினார். தாயார் சில்வியா, மகள் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவிப் பள்ளிகளுக்குச் சென்று, 2022இல் தாம் மறையும் வரை உழைத்தார். இத்தகைய குழுவினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்ய, 2013இல் மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை முடிவு செய்தது.

விட்பி என்னும் கடற்கரை ஊருக்கு அண்டை வீட்டார் எங்களை அழைத்துச் சென்றார். பிராம் ஸ்டோக்கர் 1890இல் தங்கிய ஊர் அது. 1897இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலில் கப்பல் கரையொதுங்குவதும் அங்கேதான். கடிதத் தோழர்கள் சிலர் 1994இல் அங்குக் கூடியதே பின்னர்க் கோதிக் விழாவாக வளர்ந்தது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 1992 முதல் நடைபெற்றுவரும் கூட்டம் இதனினும் பெரிது. ஏறத்தாழ 20,000 பேர் வருவர். விட்பியில் நான் கண்டவர்களோ, கடற்காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பேரக்குழந்தைகளோடு உலவும் முதியவர்கள்!

அவ்வூரில் சோஃபியின் நினைவாக ஓர் இருக்கை உண்டு. அதன் அருகே நின்றபோது, எவரிடமும் கூறாத ஒன்றை அண்டை வீட்டாரிடம் கூறினேன். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், யாரோ ஒரு பாடகரைப் போல் முடி வளர்த்து வந்த மாணவனை, காலை வழிபாட்டின்போது எல்லாருக்கும் முன்னே நிறுத்தி, நாவிதரை வரவழைத்து முடியை வெட்டச் செய்தேன். ஒழுங்கை நிலைநாட்டியதாக அன்று பெருமை கொண்டேன்.

"மறுநாள் அவன் பள்ளிக்கு வந்தானா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

வந்தான், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. ஆண்டு முடியும் வரை கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். நான் வினவிய எந்த வினாவுக்கும் எழுந்து விடை சொல்லவில்லை.