ஸ்கேனுக்குள் இருக்கும் கணக்கு

"ரத்தம் கட்டியிருக்குதுங்க. இடது பக்கம். உடனே ஆபரேஷன் பண்ணோணும்."

நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த பக்கத்து வீட்டுப் பையன் பல்லடம் ரோட்டில் விழுந்த அன்று, ஸ்கேன் அறை வாசலில் டாக்டர் சொன்னது இது. பையன் சட்டையில் பனியன் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. ஃபிலிமில் மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, பருப்பு வடிவில் வெள்ளையாக ஒரு திட்டு. கையை அசைக்கும் மூளைப் பகுதியை அது அழுத்திக்கொண்டிருந்தது. வலது கை அசையாததற்குக் காரணம் அதுதான்.

சாதாரண எக்ஸ்ரேயில் அந்தத் திட்டு தெரிந்திருக்காது. பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். செக்கிங்கில் ஒற்றைத் துணியை விளக்கின் மேல் ஓட்டினால் ஓட்டை கண்ணில் படும். ஐம்பது அடுக்கு விரித்துவிட்டுக் கீழே விளக்கு வைத்தால், எந்த அடுக்கில் பழுது என்று யார் சொல்வது? எக்ஸ்ரேயும் தலை முழுவதையும் ஒரே நிழலாக அமுக்கிவிடுகிறது.

சுற்றிச் சுற்றி எல்லாக் கோணத்திலும் நிழல் எடுத்து, கணக்குப் போட்டு, ஓர் அடுக்கை மட்டும் மீட்கலாம் என்று 1967-இல் யோசித்தவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. கம்பெனி எஞ்சினியர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். அவருடைய சோதனைக் கருவிக்கு ஒரு படம் எடுக்க 9 நாள் பிடித்தது. 1971 அக்டோபர் 1 அன்று, விம்பிள்டனில் அப்போது இயங்கிய அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலைக்குள் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில், நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கைப் பற்றி 5 பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்து, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று புரியாக முறுக்கியிருப்பதைக் கண்டு சொன்ன அதே ராமச்சந்திரன்தான். அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போயிருந்தார்.

ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பூசினால் உருவம் வரும். ஆனால் ஈரத்துணியில் சாயம் ஊறியதுபோல் விளிம்பெல்லாம் கலங்கிவிடும். கலங்கலை நீக்க, படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் கணக்கு உண்டு. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அது பெருஞ்சுமை. இவர்கள் சொன்ன வழி இப்படி: திருப்பிப் பூசும் முன்பே நிழலைச் சரிசெய்துவிடு. ஒவ்வொரு புள்ளியின் அளவிலும் கால் பங்கு எடு. அடுத்த புள்ளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கழி. அதற்கடுத்ததைத் தொடாதே. மூன்றாவதில் கழிப்பது அந்தப் பத்தில் ஒன்றின் ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் இப்படியே. பெருக்கலும் கூட்டலும் போதும், விளிம்பு தெளிந்துவிடும். படிகவியலில் ஃபூரியர் முறைகள் பற்றி 1970-இல்தான் புத்தகமே எழுதிய ராமச்சந்திரன் மறு வருடம் ஃபூரியரைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி கண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967-இலேயே இதே திசையில் போயிருந்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரமும் வேறு கணக்கில்தான் ஓடியது; 1979 நோபல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் போனது. ஆனால் பிறகு வந்த ஸ்கேனர்கள் பல பத்தாண்டுகள் இந்தக் கழித்துப் பூசும் வழியையே பின்பற்றின. உலகத்துப் பாடப்புத்தகங்களில் அதற்கு 'ராம்-லாக்' என்று பெயர். நம் ஊர் ஸ்கேன் சென்டர் வரிசையில் நிற்பவர்கள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் தலைக்குள் ரத்தம் எங்கே என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டியது. கை திரும்பியது வேறு உழைப்பு. நேரத்தோடு ரத்தக்கட்டை எடுத்ததால் அழுத்தம் விலகி, பிழைத்த நரம்புகள் மெல்ல வேலை பழகின. பிசியோதெரபிஸ்ட் பந்தைப் பிடிக்கச் சொன்னார், பட்டன் மாட்டச் சொன்னார், தினமும் நூறு முறை. விரலில் பந்து நிற்கவே மூன்று வாரம் ஆனது. ஐந்தாம் மாதம் அவன் அம்மா பீஸ் ரேட்டுக்கு எடுத்து வந்த பனியன் மூட்டையைப் பிரித்து, பிசிறு வெட்டும் கத்தரியை அவன் வலது கையில் கொடுத்தார். முதல் பனியனின் கழுத்தோர நூலை வெட்ட அவனுக்கு நாலு தடவை ஆனது.