தொலைத்தொடர்பு கேபினெட்டுகளில் மின்விசிறி அலாரம்: தந்திச் சாலை முதல் சிறுசேரி வரை

தொலைத்தொடர்புக் கருவிகளை வைக்கும் இரும்புக் கேபினெட்டுகளில், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றச் சிறு மின்விசிறிகள் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. பல விசிறிகளைக் கொண்டு, தனியாக உருவி மாற்றக்கூடியதாக அமைந்த பகுதியைத் தொழிலாளர்கள் ஃபேன் ட்ரே என்பர். அதில் ஒரு விசிறி நின்றாலோ, அதன் வேகம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினாலோ கருவி தானாக எழுப்பும் அறிவிப்பு மின்விசிறி அலாரம் எனப்படும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியில் உள்ளவை போன்ற தரவு மையங்களிலும், கைபேசிக் கோபுரங்களின் அடியில் நிற்கும் பெட்டிகளிலும் இது அன்றாடம் காணப்படும் அலாரம். விசிறி நின்ற கணத்தில் தொலைபேசிச் சேவை நிற்பதில்லை. கருவி சூடேறி நிற்பதற்குள் சிறிது கால அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசம் தொடங்கிவிட்டது என்பதைத்தான் அலாரம் சொல்கிறது. கருவிகளின் தலைமுறை மாறியபோதெல்லாம் இந்த அவகாசத்தின் அளவும் மாறி வந்திருக்கிறது.

விசிறி தேவைப்படாத காலம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1882 ஜனவரி 28 அன்று தொலைபேசி இணைப்பகங்கள் முறையாகத் தொடங்கப்பட்டன. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி அவற்றை நடத்தியது. இணைப்பை ஆபரேட்டர்களே கையால் கொடுத்தனர். கருவியில் வெப்பம் என்று சொல்ல ஏதும் இல்லை. ஆபரேட்டர்களுக்குத்தான் காற்று தேவைப்பட்டது.

அமெரிக்கரான ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகம் (ஐ.டி.ஐ.) ஸ்ட்ரோஜர் கருவிகளை உள்நாட்டில் தயாரித்தது. இவற்றில் ஆயிரக்கணக்கான சிறு இயந்திரப் பாகங்கள் ஏறி, இறங்கி, சுழன்று இணைப்பை உண்டாக்கின. வெப்பம் பெரிய கூடம் முழுவதும் பரவிவிட்டதால் உயரமான கூரையும் சன்னல்களும் போதுமானவையாக இருந்தன. தூசியும் ஈரமுமே பகைகளாக இருந்தன.

அலாரம் என்ற ஏற்பாடு இக்காலத்திலேயே தொடங்கியது. ஒரு ஃபியூஸ் எரிந்தால் அதனுள் இருந்த வில்கம்பி விடுபட்டு ஒரு தகட்டைத் தொடும். உடனே ரேக் வரிசையின் முனையில் விளக்கு எரியும், மணி ஒலிக்கும். பணியாளர் விளக்கைப் பார்த்து வரிசையையும், பின் ரேக்கையும், பின் ஃபியூஸையும் கண்டுபிடிப்பார். பிரிட்டிஷ் அஞ்சல் துறை அலாரங்களை உடனே கவனிக்க வேண்டியவை, பொறுத்துக் கவனிக்கக் கூடியவை என இரண்டாகப் பிரித்தது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

வெப்பம் குவிந்த காலம்

டிஜிட்டல் இணைப்பகங்கள் வந்ததும் ஒரு கூடம் நிறைய இருந்த வேலை சில கேபினெட்டுகளுக்குள் அடங்கியது. வெப்பமும் அவ்வாறே குவிந்தது. 1980களில் இந்தியா பிரெஞ்சுத் தொழில்நுட்பமான இ10பி வகை இணைப்பகங்களை ஏற்று, உத்தரப் பிரதேசத்தின் மன்காபூரில் ஐ.டி.ஐ. வழியாக உற்பத்தி செய்தது. இத்தகைய இணைப்பகங்களுக்குக் குளிரூட்டப்பட்ட அறை கட்டாயம். மின்வெட்டு மிகுந்த சிற்றூர்களில் அந்த அறையைப் பராமரிப்பது கருவியைப் பராமரிப்பதைவிடக் கடினம்.

இதற்கு மாற்று தேடியது 1984 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம். 36 மாதங்களில், 36 கோடி ரூபாயில் இந்தியச் சூழலுக்கேற்ற இணைப்பகத்தை உருவாக்குவது அதன் இலக்கு. அவ்வாறு உருவான 128 இணைப்பு முனைகள் கொண்ட கிராமப்புறத் தானியங்கி இணைப்பகம் 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடியதால் அதற்குக் குளிரூட்டப்பட்ட அறை தேவைப்படவில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் இவ்வகை இணைப்பகங்கள் பரவின.

1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் டெனெட் குழுவினரும் மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி முறையும் இதே வழியில் சென்றது. 55 டிகிரி செல்சியஸ் வரை குளிர்சாதனம் இன்றி இயங்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நோக்கங்களுள் ஒன்று. வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டைப் பெரிதாக்குவதை விடுத்து, வெப்பம் உண்டாவதையே குறைப்பது இவ்விரு முயற்சிகளுக்கும் பொதுவான எண்ணம்.

விசிறியும் அதன் குரலும்

இணையப் போக்குவரத்து பெருகியதும் அந்த எண்ணம் மட்டும் போதவில்லை. ரவுட்டர்களும் ஒளியிழைக் கருவிகளும் சிறிய இடத்தில் அதிக மின்சாரத்தை உண்டன. கட்டாயக் காற்றோட்டம் இல்லாமல் அவை இயங்க முடியவில்லை.

1960களில் உருவான, கரித்தூரிகை இல்லாத நேர்மின் மோட்டார் இதற்குக் கைகொடுத்தது. தேய்ந்துபோகும் தூரிகை இல்லாததால் அதன் ஆயுள் அதிகம். தொலைபேசி இணைப்பகங்களின் 48 வோல்ட் பேட்டரி மின்சாரத்தில் நேரடியாக ஓடும் விசிறிகளும் தயாரிக்கப்பட்டன. மோட்டாரினுள் இருக்கும் காந்த உணர்வி, பெரும்பாலான விசிறிகளில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. கட்டுப்பாட்டு அட்டை துடிப்புகளை எண்ணி வேகத்தை அறிகிறது. துடிப்பு குறைந்தாலோ நின்றாலோ அலாரம் எழுகிறது. இவ்வாறு விசிறிக்கு ஒரு குரல் கிடைத்தது.

பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே கண்காணிப்பு அறைக்கு அறிக்கை அனுப்பத் தொடங்கியபோது பொதுமொழி தேவைப்பட்டது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992-இல் வெளியிட்ட எக்ஸ்.733 பரிந்துரை, அலாரங்களை மிகக் கடுமையானது, பெரியது, சிறியது, முன்னறிவிப்பு எனத் தரம் பிரித்தது. சரியானதும் அலாரம் நீங்கியதை அறிவிக்கவும் வழிசெய்தது.

வட அமெரிக்காவின் ஜி.ஆர்.-63 தரநிலை அவகாசத்துக்கே ஓர் எண்ணைக் கொடுத்தது. விசிறியால் குளிரூட்டப்படும் கருவியில் ஏதேனும் ஒரு விசிறி நின்றாலும், 40 டிகிரி சூழலில் 96 மணி நேரம் அது பழுதின்றி இயங்க வேண்டும். பணியாளர் வந்து சேர நான்கு நாட்கள் கிடைக்கும் என்பது இதன் பொருள். இது சோதனைக்கூடக் கணக்கு. அறையின் குளிர்சாதனம் நல்ல நிலையில் இருப்பதாகவும், காற்று வடிகட்டி அடைபடவில்லை என்றும், மற்ற விசிறிகள் நன்றாக ஓடுவதாகவும் அது வைத்துக்கொள்கிறது.

ஹின்ஸ்டேல் தந்த பாடம்

அலாரம் ஒலித்தும் அவகாசம் வீணான நிகழ்வாக 1988 மே 8 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஹின்ஸ்டேல் இணைப்பகத் தீ விபத்து குறிப்பிடப்படுகிறது. இது விசிறியால் நேர்ந்ததன்று. மின்கம்பிகளில் தொடங்கிய தீ. அன்று ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் அன்னையர் தினம். கட்டடத்தில் பணியாளர் எவரும் இல்லை. அலாரங்கள் தொலைவில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் கண்காணிப்பு அறைக்குச் சென்றன. ஆனால் தீயணைப்புத் துறைக்குத் தகவல் போகத் தாமதமானது. ஏறக்குறைய 35,000 சந்தாதாரர்கள் தொலைபேசிச் சேவையை இழந்தனர். முழுமையாகச் சீரடைய வாரக்கணக்கில் ஆனது.

ஆளில்லாத கட்டடமும் தொலைதூரக் கண்காணிப்பும் அதன்பின் உலகெங்கும் வழக்கமாகிவிட்டன. அடிக்கடி ஒலிக்கும் அலாரத்தைத் தொல்லையாகக் கருதி மறைத்து வைக்கும் பழக்கம், அதனாலேயே பெரும் ஆபத்தாகக் கருதப்படுகிறது.

சிறுசேரியில்

சென்னை நீண்டகாலமாகவே கடலடி கேபிள்களின் நுழைவாயில். சிங்கப்பூருடன் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-இலும், பிரான்ஸ் வரை செல்லும் சீ-மீ-வீ 4 கேபிள் 2005-இலும் செயல்பாட்டுக்கு வந்தன. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கான ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கடலுக்கடியில் சமிக்ஞையை வலுப்படுத்தும் பெருக்கிகளில் விசிறி இல்லை. அவற்றின் வெப்பத்தைக் கடல்நீரே ஏற்றுக்கொள்கிறது. அவை 25 ஆண்டுகள் இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. கேபிள் கரையேறிய பிறகுதான் விசிறியின் வேலை தொடங்குகிறது.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா முதலில் மென்பொருள் நிறுவனங்களால் அறியப்பட்டது. பின்னர் தரவு மையங்களும் வந்தன. 2022-இல் அங்கே அதானிகனெக்ஸ் தரவு மையத்தின் 17 மெகாவாட் முதல் கட்டம் திறக்கப்பட்டது. சிஃபி, ஈக்வினிக்ஸ் போன்ற நிறுவனங்களும் அங்கே மையங்களை அமைத்துள்ளன.

இப்பகுதியின் இயற்கைச் சூழல் விசிறிகளுக்குச் சாதகமானதன்று. கிழக்கே சில கிலோமீட்டரில் முட்டுக்காடு உப்பங்கழியும் கோவளம் கடற்கரையும் உள்ளன. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் வழியில் உப்பளங்களைக் காணலாம். பிற்பகலில் வீசும் கடற்காற்று மக்களுக்கு ஆறுதல். வெளிப்புறக் கேபினெட்டுக்கோ அது உப்பையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. உப்புப் படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி வடிகட்டியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். விசிறியின் இணைப்பு ஊசிகளும் துடிப்பை அனுப்பும் மெல்லிய தடங்களும் அரிக்கப்படும். கோடையில் சென்னையின் வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது புதிதன்று. 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியின் உள்வெப்பம் அதற்கும் மேலே இருக்கும்.

புயலின்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய மின்தடையில் கருவிகளும் அவற்றின் விசிறிகளும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் அறையின் குளிர்சாதனம் மட்டும் நின்றுவிடும். விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றாலும் அவை சுழற்றுவது சூடான காற்றையே. அப்போது நான்கு நாள் கணக்கு செல்லாது. மின்செறிவு மிக்க தரவு மையக் கூடத்தில் அவகாசம் நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் அங்கே குளிரூட்டலுக்கும் மாற்று மின்சாரமும் உபரிக் கருவிகளும் வைக்கப்படுகின்றன.

பழுதறியும் முறை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து விசிறி அலாரத்தை அணுகும் ஒழுங்கு ஒன்று உருவாகியுள்ளது.

முதலில், விசிறி அலாரம் தனியாக வந்ததா, வெப்ப அலாரத்துடன் சேர்ந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். தனியாக வந்தால் இன்னும் அவகாசம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் அது தீர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, எத்தனை விசிறிகள் என்று எண்ண வேண்டும். ஒரு விசிறி மட்டும் என்றால் அதன் தாங்கி தேய்ந்திருக்கலாம், அல்லது கம்பி ஏதேனும் தடுத்திருக்கலாம். ட்ரே முழுவதும் ஒரே நேரத்தில் நின்றால் விசிறிகள் எல்லாம் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று கருதுவது தவறு. ஃபியூஸ், மின் இணைப்பு, கட்டுப்பாட்டு அட்டை ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

விசிறி நன்றாகச் சுழன்றும் அலாரம் நீடித்தால் துடிப்பு அனுப்பும் தடத்தில் அரிப்போ தளர்வோ இருக்கலாம். அதே வகை ட்ரேயை இடம் மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. பழுது ட்ரேயோடு நகர்ந்தால் குற்றம் ட்ரேயில், பழைய இடத்திலேயே நின்றால் கேபினெட்டில்.

எல்லா விசிறிகளும் ஓயாமல் முழு வேகத்தில் ஓடினால் வடிகட்டி அடைப்பு, அறை வெப்பம், காலி இடங்களை மூடும் தகடுகள் கழன்றிருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தகடு இல்லாத இடைவெளி வழியே வெளியேறிய சூடான காற்று மறுபடி உள்ளே வந்துவிடும். நின்றுபோன விசிறியின் துளை வழியாகவும் இவ்வாறே காற்று திரும்பும்.

ஒன்று நின்றதும் மற்றவை வேகம் கூட்டி ஈடுகட்டும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்செலவு உயர்வதால், வேகம் 25 விழுக்காடு கூடினால் மின்செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாங்கிகளும் விரைவில் தேயும். ஒரு விசிறியின் பழுதைத் தள்ளிப்போட்டால் அடுத்த விசிறியின் பழுது முன்கூட்டியே வருவதற்கு இதுவே காரணம்.

ட்ரேயை உருவும் முன் மாற்று ட்ரே கையில் இருக்க வேண்டும். காற்று வீசும் திசையும் மாதிரியும் ஒத்திருக்க வேண்டும். கழுவிய வடிகட்டியை முற்றிலும் உலர்த்தியே பொருத்த வேண்டும். அலாரம் நீங்கியதைக் கண்காணிப்பு அறையில் உறுதி செய்து, மாற்றிய நாளைக் குறித்துவைப்பது கடைசிப் படி. கடற்கரைப் பகுதியில் இந்தக் குறிப்பேடு மிகவும் பயன்படும். வடிகட்டி எத்தனை வாரங்களில் அடைகிறது என்பதை அந்தந்த இடத்தின் குறிப்பேடுதான் காட்டும்.

இன்றைய நிலை

சி-டாட் தொடங்கிவைத்த விசிறியில்லா வழி மறைந்துவிடவில்லை. கைபேசிக் கோபுரங்களின் உச்சியில் உள்ள ரேடியோ பெட்டிகள் பெரும்பாலும் அலுமினியச் செதில்கள் வழியாகவே வெப்பத்தை விடுகின்றன. ஏறி மாற்ற முடியாத உயரத்தில் விசிறி வைப்பது வீண். மறுபுறம், செயற்கை நுண்ணறிவுக் கணினிகளின் வெப்பம் காற்றால் தாங்க முடியாத அளவை எட்டியதால் தரவு மையங்கள் திரவக் குளிரூட்டலுக்கு மாறத் தொடங்கியுள்ளன. அங்கே விசிறியின் இடத்தைப் பம்பு எடுத்துக்கொள்கிறது. பம்பு நின்றால் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. ஸ்ட்ரோஜர் கூடத்தின் விளக்கும் மணியும் கணினித் திரையின் சிவப்பு வரியாக மாறியிருக்கின்றன. அதைப் பார்த்து எழுந்து செல்லும் பணியாளரின் தேவை மட்டும் மாறவில்லை.