பாம்பனில் வலப்பக்கம் பிரியும் தடம்

கணினியில் முதல் தண்டவாளத்தைப் போடுவதற்கு முன்பே என் தனுஷ்கோடி கடலுக்குள் போய்விட்டது. புயலால் அல்ல, டேட்டாவால்.

ட்ரெய்ன்ஸ் என்றொரு ரயில் சிமுலேட்டர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆரன் நிறுவனம் 2001-இல் வெளியிட்டது. அதில் ரயில் ஓட்டுவதைவிடப் பெரிய போதை, பாதை கட்டுவது. மண்ணை மேடாக்கலாம், தண்டவாளம் இழுக்கலாம், சிக்னல் நடலாம், பனைமரம் வைக்கலாம். வாடகை வீட்டில் பொம்மை ரயிலுக்குத் தனி அறை ஒதுக்க முடியாதவர்களுக்கு இதுதான் வழி. உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் ஊரில் எப்போதோ பிடுங்கப்பட்ட கிளைப் பாதைகளை இப்படித் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரை, 1964-க்கு முந்தைய மீட்டர்கேஜ் பாதையைக் கட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

ட்ரெய்ன்ஸில் நிலம் 720 மீட்டர் சதுரங்களாக வரும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். நேர்கோடாக வைத்தாலே 34 சதுரம். மலை இல்லை, சுரங்கம் இல்லை, பெரிய வளைவுகளும் இல்லை. ஒரு மாசத்துல முடிச்சிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நிலத்தின் உயரத்துக்கு எல்லோரும் எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த தரவு. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீட்டரில். சில மீட்டர் பிழை இருக்கும். நீலகிரிக்கு அந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை. தனுஷ்கோடி மணல்திட்டோ பல இடங்களில் கடலுக்கு மேல் ஓரிரு மீட்டர்தான் நிற்கிறது. பிழையின் அளவு நிலத்தின் உயரத்தைவிடப் பெரிது. தரவை ஏற்றியதும் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர். ஒரு வாரம் மவுஸால் மணல் அள்ளிக் கொட்டினேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. நான் அடியில் வைத்துப் பார்த்த செயற்கைக்கோள் படம் இன்றைய கரையைக் காட்டுகிறது. எனக்கு வேண்டியது அறுபது வருடத்துக்கு முந்தைய கரை. அமெரிக்க ராணுவம் ஐம்பதுகளில் அச்சிட்ட வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். ஒரு ஸ்டேஷன் யார்டு முழுவதும் பேனா முள்ளுக்குள் அடங்கிவிடும்.

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் நண்பனிடம் காட்டினேன். பத்து நொடி பார்த்திருப்பான். "மச்சி, கடைசி ரயில் சீன் வைடா. நைட்டு, மழை, அலை. செமயா இருக்கும்."

அவனைக் குறை சொல்ல முடியாது. தனுஷ்கோடி என்றாலே நம் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே ஒரு ராத்திரி. 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எடுத்துக்கொண்டது. 115 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் சேர்த்தியில்லை. யூட்யூபில் தேடினால் எல்லா வீடியோவுக்கும் இடிந்த சர்ச்சுதான் முகப்புப் படம், பின்னணியில் பேய்ப்பட இசை. அந்தப் பாதையோ 1914-லிருந்து அந்த ராத்திரி வரை ஐம்பது வருடம் தினமும் ரயில் பார்த்த பாதை. அந்த ஐம்பது வருடத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டால், மூன்று மாதம் முன்பு வரை எனக்கும் சொல்லத் தெரியாது.

சிமுலேட்டரில் ஒரு வசதி உண்டு, தொல்லை என்றும் சொல்லலாம். அதற்குப் பேரழிவு தெரியாது. தண்ணீர் என்பது அதில் ஒரு தட்டையான தாள். அது எழும்பி வராது. அதற்கு வேண்டியதெல்லாம் சாதாரண நாள்: எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த லைனில் நிற்கும், எதற்காக நிற்கும்?

முதலில் பாம்பன் ஜங்ஷன். பாலம் தாண்டிக் கிழக்கே வந்தால் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ராமேஸ்வரம், பத்து கிலோமீட்டர். வலப்பக்கம் தனுஷ்கோடி. நான் பழக்கதோஷத்தில் ராமேஸ்வரத்தை மெயின் லைனாகவும் தனுஷ்கோடியைக் கிளையாகவும் போட்டுவிட்டேன். உண்மை நேர்த் தலைகீழ். மதராஸிலிருந்து வரும் போட் மெயில் வலப்பக்கம் போகும். கோயிலுக்குப் போகிறவர்கள் இடப்பக்கக் கிளைக்கு மாறிக்கொள்ளவேண்டும். ஸ்விட்சின் திசையை மாற்றிப் போட்டபோதுதான் இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்ற கேள்வியே எனக்கு எழுந்தது. ராமநாதசுவாமிக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

1914-க்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஓர் இரவைக் கடலில் கழிக்கவேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான், இரண்டு மணி நேரம் போதும். இந்தப் பக்கம் தென்னிந்திய ரயில்வே முனை வரை தடம் போட்டது, அந்தப் பக்கம் இலங்கை ரயில்வே தலைமன்னார் வரை போட்டது. நடுவில் நீராவிக் கப்பல். எழும்பூரில் வாங்கிய டிக்கெட்டில் கொழும்பில் இறங்கலாம். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாம்பன் பாலம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, அவ்வளவுதான். இன்று நாம் செல்ஃபி எடுக்கிற பாலம், அன்றைக்கு வழியில் வந்த ஒரு இடைஞ்சலைத் தாண்டுவதற்கான ஏற்பாடு.

இடைஞ்சல் என்றாலும் அதில் நான் மாட்டிக்கொண்டது மூன்று வாரம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் நீளமான பாலத்தில் 145 சின்னக் கண்கள். அதெல்லாம் காப்பி பேஸ்ட். கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம்தான் சவால். முதலில் கதவு மாதிரி கீல் வைத்துத் திறந்தேன். அடிப்பாகம் தூணுக்குள் புகுந்துகொண்டது. இரண்டு நாள் கோடைத் திட்டினேன். தப்பு கோடில் இல்லை. அது கீலில் திறக்கும் பாலமே இல்லை. சிகாகோவின் ஷெர்சர் நிறுவன வடிவமைப்பு அது. ஒவ்வொரு பாதியின் அடியும் வட்டத்தின் துண்டு மாதிரி வளைந்திருக்கும். பாலம் சுழல்வதில்லை, உருள்கிறது. தாத்தாவின் ஆடும் நாற்காலி பின்னால் சாயும்போது தரையில் கொஞ்சம் பின்னுக்கு நகருமே, அதேதான். எத்தனை டிகிரி எழும்புகிறதோ, அந்தக் கோணத்தை ஆரத்தால் பெருக்கிய தூரம் பின்னுக்குப் போகவேண்டும். அந்த ஒரு வரிச் சூத்திரத்தை எழுதியதும் நானூறு டன் இரும்பு பூனை மாதிரி எழுந்து நின்றது. நிஜத்தில் அதைத் தூக்க மோட்டார் கிடையாது. ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றித்தான் திறந்தார்கள். அந்த ஆட்களை நான் வைக்கவில்லை. என் பாலம் ஆளில்லாமல் திறக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்ட தெம்பில் பாதையின் மேற்கு முனைக்கு வந்தேன். அங்கே மண்டபத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் 'மண்டபம் கேம்ப்'. இந்த ரூட்டில் போகிறவர்கள் பாலத்தைப் பார்க்கும் ஆசையில் கதவோரத்துக்கு நகர்கிற நேரம் அது. யாரும் கவனிக்காத பெயர். என்ன கேம்ப்? ராணுவம் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் எத்தனை லைன் போடுவது, பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்று முடிவு செய்ய, யார் ஏறி இறங்கினார்கள் என்று தெரிந்தாகவேண்டும்.

இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்த முகாம் அது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்தியது. காலரா, அம்மை, பிளேக் எதுவும் கடல் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக இங்கே சில நாட்கள் வைத்திருந்து, சோதித்து, ஊசி போட்டு, பிறகு தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஜனம். உயர் வகுப்பில் கொழும்பு போகும் கனவான்களுக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. கிருமிக்கும் வகுப்பு பார்க்கத் தெரியும்போல. இவர்களுக்கு முந்தைய தலைமுறை தோணியில் மன்னார் போய், அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனது. வழியில் செத்தவர்களைக் கணக்கு வைத்தவர் இல்லை. அந்த நடைபாதைக்குப் பதிலாக வந்ததுதான் இந்த ரயில். போட் மெயிலின் உணவுப் பெட்டியைப் பற்றியும், நீராவிக் கப்பல்களின் அழகு பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பாதைக்குச் சோறு போட்டதில் பெரிய பங்கு மூன்றாம் வகுப்பின் பலகைக்கு உண்டு.

இதற்குப் பிறகு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 1964 அக்டோபர் 30: சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக்கப்பட்ட ஒன்பதே முக்கால் லட்சம் மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மீதி ஒன்றரை லட்சம் பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதற்கு எட்டு வாரம் கழித்து, டிசம்பர் 22. போன வழியே திரும்பி வா என்று கையெழுத்துப் போட்ட இரண்டு மாதத்துக்குள் அந்த வழியே இல்லாமல் போய்விட்டது.

பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். பாலத்துக்கு அப்பால் வலப்பக்கத் தடத்தை யாரும் திரும்பப் போடவில்லை. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. இடப்பக்கக் கிளை மெயின் லைன் ஆயிற்று. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில்தான் ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். இறங்கியவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? மண்டபம் முகாமுக்கு. தாத்தாவுக்கு ஊசி போட்டு அனுப்பிய அதே இடத்தில் பேரனைப் பதிவு செய்தார்கள். 1983-க்குப் பிறகு அதே முகாம் ஈழ அகதிகளுக்கு. 2019-இல் தனுஷ்கோடிக்குத் திரும்பத் தடம் போட அடிக்கல் நாட்டினார்கள், தடம் வரவில்லை. பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து, தூக்குப்பாலம் இப்போது லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. இத்தனைக்கும் நடுவில் இடம் மாறாமல், வேலையும் மாறாமல் நின்றது அந்தக் கேம்ப் மட்டும்தான்.

பெரியப்பா சின்ன வயதில் ஒருமுறை தனுஷ்கோடி போயிருக்கிறார். பெட்டியின் நிறம் என்ன, கூரையில் ஓடா தகரமா என்று போனில் அடுக்கினேன். "அதெல்லாம் யாருடா பாத்தா? வாயெல்லாம் மணலு. பொட்டலத்தைப் பிரிச்சா புளிச்சோத்துல மணலு. ஜன்னலை மூடுனா வேர்க்குது, தொறந்தா மணலு. இதுதான் ஞாபகம் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எங்கூட வந்தவங்க ஒரு குடும்பம். அம்மிக்கல்லைத் தூக்கிட்டு வந்தாங்க. அங்க கல்லு கெடைக்காதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. மலைநாட்டுல கல்லு கெடைக்காதாம்!" போனில் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் ரூட்டில் நாள் குறிக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஏதோ ஒரு சாதாரண நாள். ஒய்பி இன்ஜின் போட் மெயிலை இழுத்துக்கொண்டு பாம்பன் தாண்டி வலப்பக்கம் பிரிகிறது. நண்பன் கேட்ட சீனை வைக்கவில்லை. அவனும் மறந்துவிட்டான்.

மிச்சமிருக்கும் வேலை மண்டபம் கேம்ப்பில்தான். சிமுலேட்டரோடு வரும் பயணி பொம்மைகள் கோட்டும் ஜீன்ஸும் போட்டு, சக்கரம் வைத்த சூட்கேஸ் இழுப்பவை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது வண்டி வந்து மூன்று நிமிடம் காலி பிளாட்பாரத்தில் நின்று கிளம்புகிறது. வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிய ஒரு ஆள், தலையில் மூட்டை வைத்த ஒரு பெண், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். மூன்றே மூன்று உருவம் செய்து பழகிக்கொண்டிருக்கிறேன். முகம் ஒரு மாதிரி வந்துவிட்டது. மூட்டையைப் பிடித்திருக்கும் விரல்கள்தான் இன்னும் படியவில்லை. அம்மிக்கல்லை முதல் நாளே செய்து வைத்துவிட்டேன்.