இலை வெளிறுதல்: பயிர்களின் சத்துக் குறையைக் கண்டறிந்த வரலாறு

செடியின் இலை மஞ்சளானால் "என்ன சத்து குறைகிறது?" என்று இன்று உடனே கேட்கிறோம். உழவுத்தொழில் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இலை வெளிறுவது செடியின் பசியாகவும் இருக்கலாம் என்பது ஆய்வு வழியாக நிறுவப்பட்டு இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அதற்கு முன் இலையை யாரும் பார்க்கவில்லை என்று பொருளல்ல. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், குளிராலும் காற்றாலும் வெயிலாலும் மரங்களுக்கு நோய் வருகிறது என்று பிருகத் சம்கிதையில் எழுதினார். இலை வெளுப்பது, தளிர் வளராமல் நிற்பது, கிளை உலர்வது, சாறு வடிவது ஆகியவற்றை அந்நோயின் அடையாளங்களாகக் குறித்தார். சுரபாலரின் விருட்சாயுர்வேதம், மனிதருக்குச் சொல்லப்பட்ட வாத, பித்த, கபப் பிரிவையே மரங்களுக்கும் பொருத்தியது. இறைச்சி, எலும்பு, கொழுப்பு முதலியவற்றைக் காய்ச்சி ஊறவைத்த 'குணபசலம்' என்ற நீரை மரத்துக்கு ஊற்றச் சொன்னது. பார்வை கூர்மையானது, மருந்தும் பல இடங்களில் பலித்திருக்கும். செடி எதை உண்கிறது என்பது மட்டும் தெரியாததால் காரணம் பிடிபடவில்லை.

ஐரோப்பாவிலும் அதே நிலைதான். வான் எல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள அலரி வகை மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு எடையானது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்சு. எனவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று முடிவு கட்டினார். 1648இல் அச்சான இந்தச் சோதனையை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். காற்றிலிருந்து உணவு வருகிறது என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஆனால் அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்சில்தான் நம் கதை முழுவதும் இருக்கிறது.

1699இல் ஜான் உட்வர்டு புதினாச் செடிகளை மழைநீர், தேம்சு ஆற்று நீர், தோட்டமண் கலந்த நீர் என்று தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். மண் கலந்த நீரில் செடி நன்கு வளர்ந்தது. 1820களில் செருமனியின் கார்ல் ஸ்பிரெங்கல், எல்லாச் சத்துகளும் நிறைய இருந்தாலும் ஒன்று குறைந்தால் அந்த ஒன்றே வளர்ச்சியைத் தடுத்துவிடும் என்றார். 1840இல் லீபிக் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இக்கருத்து உலகெங்கும் பரவியது. பாடநூல்களில் லீபிக் பெயர் மட்டும் பெரிதாக இருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

இலையையும் ஒரு குறிப்பிட்ட சத்தையும் முதன்முதலில் நேராக இணைத்தவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் யூசெப் கிரி. 1840களின் முற்பகுதியில், வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். செடிகள் பச்சை பிடித்தன. அதோடு நிற்காமல் வெளிறிய இலையின் மேலேயே கரைசலைத் தடவினார். தடவிய இடம் மட்டும் பச்சையாயிற்று. ஒரே இலையில் சோதனையும் அதற்கான ஒப்பீடும் பக்கத்தில் பக்கத்தில்! இதைவிட எளிய சான்று அறிவியல் வரலாற்றில் குறைவு.

இந்த வெளிறலுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் 'குளோரோசிஸ்'. இளம்பெண்களுக்கு வரும் இரத்தசோகை வகை ஒன்றுக்கும் அன்று அதே பெயர்தான். அதற்கும் மருத்துவர்கள் இரும்பையே மருந்தாகக் கொடுத்துவந்தனர். தமிழிலும் 'பச்சையச் சோகை' என்கிறோம். ஒப்புமை அழகானது, ஆனால் ஓரளவுக்குத்தான் பொருந்தும். குருதியின் சிவப்பு நிறமியில் இரும்பு இருக்கிறது. பச்சையத்தின் நடுவில் இருப்பதோ மக்னீசியம். இது பின்னாளில் ரிச்சர்டு வில்சுட்டேட்டரின் ஆய்வால் தெளிவாயிற்று. அவருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. இரும்பு பச்சையத்தின் பகுதி அன்று. ஆனால் அது இல்லாமல் பச்சையம் உருவாகாது.

1860 அளவில் சாக்சும் நாப்பும் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினர். ஒவ்வோர் உப்பாக விலக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்க வழி பிறந்தது. இம்முறையால் வந்த பெரும் பயன், அடி இலைக்கும் நுனி இலைக்கும் உள்ள வேறுபாடு விளங்கியதுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவித் தளிருக்கு அனுப்புகிறது. ஆகவே அடி இலையே முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவை எளிதில் நகர்வதில்லை. அவை குறைந்தால் முதலில் தெரிவது தளிரில். அடி இலை முழுதும் மஞ்சளானால் தழைச்சத்து, அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறினால் மக்னீசியம், அதே கோலம் தளிரில் வந்தால் இரும்பு என்று முதலில் ஐயப்படுவது இதனால்தான். மாடித்தோட்டத்தில் தக்காளி வைப்பவரும், வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்க 2018ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்த கனடாவில் அதைத் தொட்டியில் வளர்ப்பவரும் பார்க்கும் இலைப்பட்டியல் இந்த ஒரே அறிவிலிருந்து வந்ததே.

ஆனால் இலை "இரும்பு இல்லை" என்று காட்டினால் மண்ணில் இரும்பு இல்லை என்று ஆகிவிடாது. இதைப் பிரான்சின் திராட்சை உழவர்கள் பெரும் நட்டத்தோடு கற்றனர். வேரை அழிக்கும் பைலாக்சிரா என்ற பூச்சியிடமிருந்து தப்ப, அதைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்ச்செடியில் தம் கொடிகளை ஒட்டுக்கட்டினர். பூச்சி தோற்றது. ஆனால் கொன்யாக் போன்ற சுண்ணாம்பு மண் பகுதிகளில் கொடிகள் மஞ்சள் பூத்து நலிந்தன. அம்மண்ணில் இரும்பு உண்டு. ஆனால் சுண்ணாம்பின் காரத்தன்மையால் அது கரையாத நிலையில் கிடந்தது. 1887இல் பியர் வியாலா அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டெக்சாசில் மன்சன் என்ற திராட்சை வல்லுநரின் துணையுடன், சுண்ணாம்பு மண்ணைத் தாங்கி வளரும் காட்டுத் திராட்சை இனங்களை அவர் கண்டார். உரம் அங்கே விடையாகவில்லை, வேரை மாற்றியதே விடையாயிற்று.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் தோட்டத்திலும் எலுமிச்சைத் தளிர் வெளிறியது. நான் யூரியாவை அள்ளிப் போட்டேன். இலை இன்னும் மோசமாயிற்று. மண் சுண்ணாம்புக் கரிசல் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். அறிவியல் ஆசிரியர் செய்யும் வேலையா அது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்ணூட்டங்கள் தெரியவந்தன. அதுவரை அவை கண்ணில் படாததற்குக் காரணம் சோதனைச்சாலை உப்புகளின் தூய்மைக்குறைவு. கலப்படமாக இருந்த துளியே செடிக்குப் போதுமானதாயிற்று. 1923இல் இங்கிலாந்தின் ராதம்சுடெட் ஆய்வு நிலையத்தில் கேத்ரின் வாரிங்டன், அவரைக் குடும்பத்துப் பாக்லா செடி போரான் இல்லாமல் மடிந்துபோவதைக் காட்டினார். 1931இல் சருக்கரைக் கிழங்கின் நடுக்குருத்து அழுகல் போரான் குறையால் வருவது என்று பிராண்டன்பர்க் கண்டறிந்தார்.

கலிபோர்னியாவின் 'சிற்றிலை நோய்' இன்னும் சுவையானது. பழமரங்களில் இலை சிறுத்துக் கொத்தாக நின்றது. சாண்ட்லர், ஹோக்லண்டு, கிப்பார்டு ஆகியோர் இரும்புச் சல்பேட்டை மிகுதியாக இட்டபோது சில மரங்கள் தேறின. எல்லா இரும்பு உப்பும் அப்படிப் பலன் தரவில்லை. அலசிப் பார்த்தால், குணமாக்கியது இரும்பே அன்று, அதில் கலந்திருந்த துத்தநாகம்! மருந்து பலித்தாலே நோய் புரிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது.

இவ்வறிவைப் பொதுமக்கள் கையில் கொடுத்த நூல்களுள் ஒன்று, பிரிசுடல் அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தின் தாமசு வாலசு 1943இல் வெளியிட்ட வண்ணப்பட நூல். போரின் நடுவில் வண்ண அச்சுக்கு ஒரு நாடு செலவு செய்தது என்றால், உணவு விளைச்சல் அப்போது எவ்வளவு பெரிய கவலை என்று ஊகிக்கலாம்.

இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் தராய் பகுதியில் வந்தது. இமயமலை அடிவாரத்தில் காடு திருத்திய அந்நிலத்தில், நட்ட இரண்டு மூன்று வாரங்களில் நெற்பயிரின் இலைகளில் துருப் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றியது. பார்த்தால் தொற்றுநோய் போலவே இருக்கும். உழவர்கள் அதை 'கைரா' என்றனர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நேனே தாவர நோயியல் அறிஞர், கிருமியைத் தேடுவது அவர் தொழில். அவரே 1966இல் இது துத்தநாகக் குறை என்று எழுதினார். துத்தநாகச் சல்பேட்டுடன் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்துத் தெளிப்பது மருந்தாயிற்று. சுண்ணாம்பு சேர்ப்பது இலை கருகாமல் இருக்க. அதே நேனே பின்னாளில் சுரபாலரின் விருட்சாயுர்வேதத்தை ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தார்.

தமிழ்நாட்டு நெல் வயல்களில் இன்று பயன்படும் 'இலை வண்ண அட்டை' இவ்வழியில் வந்த எளிய கருவி. சப்பானில் தோன்றியதைப் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆசிய உழவர்களுக்கு ஏற்றதாக்கியது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட அட்டையை, முழுதும் விரிந்த இளம் இலையோடு வைத்து ஒப்பிட வேண்டும். வெயில் நேரே படாமல் நம் உடல் நிழலில் இலை இருக்க வேண்டும். நோய் தாக்காத பத்துக் குத்துகளில் பார்த்து, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இட வேண்டும். பெரும்பாலான இரகங்களுக்கு வரம்பு எண் 4. இயல்பாகவே இலை வெளிர்ந்து இருக்கும் வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3.