நாற்பது பேர் இருந்த அரங்கில் நானும் இருந்தேன்

1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை மாலை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பீட்டர் தெருவிலுள்ள ஃப்ரீ டிரேட் ஹால் என்னும் பெருமண்டபத்தின் மாடியில், அதே கட்டடத்தைச் சேர்ந்த ஒரு சிற்றரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் லண்டன் இசைக்குழு வாசித்தது. நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்திருந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அந்த நிகழ்ச்சியைத் தம் கண்ணால் கண்டதாகப் பின்னாளில் சொன்னவர்கள் பல நூறு பேர். பல ஆயிரம் பேர் என்றும் கேலியாகச் சொல்வர். அவர்கள் அனைவரும் உண்மையிலேயே வந்திருந்தால் கீழேயுள்ள பெருமண்டபமும் போதாது என்பது அந்நகரத்தின் பழைய நகைச்சுவை.

இந்த நகைச்சுவையை நகைச்சுவையாகவே விட்டுவிடுவது எளிது. ஆயினும் ஒரு ரசிகரின் நினைவு எந்த வகையான சான்று என்னும் கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. ராக் இசையின் வரலாறு பெரும்பகுதி ரசிகர்களின் நினைவிலிருந்தே எழுதப்பட்டது. அந்த நினைவு பழுதுபட்டதெனில் வரலாறும் பழுதுபட்டதே. அல்லது, நினைவைப் படிக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் இடம். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்நகரின் பெயர் பஞ்சாலைகளோடு பிணைந்தது. தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டதன் வெற்றிச் சின்னமாக, தடையற்ற வணிகத்தின் பெயரையே சூட்டி, 1850களில் அம்மண்டபம் கட்டப்பட்டது. அது எழுந்த இடமோ, 1819 ஆகஸ்ட் 16 அன்று நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்ட பீட்டர்லூ களம். 1905இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டும் ஆனி கென்னியும் லிபரல் கட்சிக் கூட்டத்தில் குரலெழுப்பியதும் இங்கேதான். 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிதைந்து, 1951இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1996 வரை ஹாலே இசைக்குழுவின் இல்லமாக விளங்கியது. இன்று அது ஒரு விடுதி. தெருவை நோக்கிய முகப்பு காக்கப்பட்டது. உள்ளிருந்த பெருமண்டபம் இல்லை. அந்த மாலையை நினைவுகூர்பவர் திரும்பச் சென்று நின்று சரிபார்த்துக்கொள்ள, அன்றிருந்தபடி அவ்விடம் இல்லை.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்கள் தொழில்முறை அமைப்பாளர்கள் அல்லர். போல்டன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களான ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி ஆகிய இருவர். 1976 பிப்ரவரியில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் பிஸ்டல்ஸ் பற்றி வந்த ஒரு சிறு விமர்சனத்தைப் படித்தனர். தாம் விரும்பிய ஸ்டூஜஸ் குழுவின் பாடலை இப்புதியவர்கள் வாசிக்கின்றனர் என்னும் குறிப்பு அவர்களை ஈர்த்தது. காரில் தெற்கே சென்று இருமுறை கேட்டனர். திரும்பி வந்து, அந்தக் குழுவைத் தம் ஊருக்கு அழைத்தனர். அன்றைய மாலையில் தாமும் மேடையேற வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். ஆனால் அவர்களுடைய பஸ்காக்ஸ் குழு அதற்குள் ஆயத்தமாகவில்லை. முன்னிகழ்ச்சியை சோல்ஸ்டிஸ் என்னும் உள்ளூர் ராக் குழு நடத்தியது. ஷெல்லி வாயிலில் அமர்ந்து நுழைவுச்சீட்டு விற்றார்.

அரங்கின் வெளியே, வேறொருவரைச் சந்திப்பதற்காக ஸ்டீவ் டிகிள் என்னும் இளைஞர் காத்திருந்தார். பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரன், தவறான ஆள் என்று அறியாமலே அவரை உள்ளே அழைத்துச் சென்று ஷெல்லியிடம் அறிமுகப்படுத்தினார். டிகிள் பஸ்காக்ஸ் குழுவின் உறுப்பினரானார். சால்ஃபோர்டைச் சேர்ந்த பள்ளித் தோழர்கள் பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் இருவரும் உள்ளே இருந்தனர். ஹூக் அதுவரை எந்தக் கருவியையும் தொட்டவர் அல்லர். மறுநாளே ஒரு பாஸ் கிதார் வாங்கினார். அவர்கள் வழியாகவே பின்னர் ஜாய் டிவிஷன் பிறந்தது. தி ஃபால் குழுவைத் தோற்றுவித்த மார்க் இ. ஸ்மித்தும், ஆண்டுகள் கழித்து தி ஸ்மித்ஸ் குழுவின் குரலான மொரிசியும் வந்திருந்தனர். மேடையில் கண்டது அவர்களுக்கு அளித்தது வியப்பைவிட ஒரு துணிவு: இவர்களால் முடியுமெனில் நம்மாலும் முடியும்.

இத்துணை விளைவுகளைத் தந்த மாலையில் தானும் இருந்திருக்க வேண்டுமென எவருக்கும் தோன்றுவது இயல்பு. ஆனால் பொய் சொன்னவர்கள் என்று பிறர் அனைவரையும் ஒதுக்கிவிட இயலாமைக்கு ஒரு காரணம் உண்டு. பிஸ்டல்ஸ் குழு ஆறே வாரத்தில், ஜூலை 20 அன்று, அதே சிற்றரங்குக்குத் திரும்பி வந்தது. இம்முறை பஸ்காக்ஸ் மேடையேறியது. ஸ்லாட்டர் அண்ட் தி டாக்ஸ் குழுவும் வாசித்தது. கூட்டம் பன்மடங்கு பெரிது. ஜாய் டிவிஷனின் பாடகரான இயன் கர்ட்டிஸ் வந்தது இந்த இரண்டாம் நிகழ்ச்சிக்கே என்பர். ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு, ஒரே குழு, ஒரே கோடை. இருபதாண்டுகள் கழித்து எவரேனும் கேட்டால், இரண்டு மாலைகளில் எது நினைவுக்கு வரும்? புகழ்பெற்ற மாலையே வரும்.

தொலைக்காட்சியாளரும் பின்னாளில் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவருமான டோனி வில்சன், தாம் முதல் நிகழ்ச்சியிலேயே இருந்ததாகக் கூறிவந்தார். அதை ஐயுற்றவர்களும் உண்டு. 2001இல் டேவிட் நோலன் இந்த ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தான் அங்கிருந்ததாக ஆணையிட்டுச் சொல்லும் ஒருவரின் குரலே அந்நூலின் தலைப்பு. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘24 ஹவர் பார்ட்டி பீப்பிள்’ என்னும் திரைப்படம் அந்த மாலையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் நிகழ்த்திக் காட்டியது. அதன்பின் அந்த அரங்கின் உட்புறத்தை எல்லோரும் பார்த்தவர்கள் ஆகிவிட்டனர்.

இவற்றுக்கு நேர்மாறான ஓர் ஆவணமும் உண்டு. அதே ஜூன் மாதத்தில், பதினேழு வயது மொரிசி நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸுக்கு எழுதிய கடிதம் அச்சாயிற்று. குழுவினரின் பழைய துணிச்சந்தை உடைகளையும், வந்திருந்த சிலர் இருக்கைகளுக்கு இடைப்பட்ட வழியில் ஆடியதையும் அவர் குறிப்பிடுகிறார். வந்தவர்கள் மிகச் சிலரே என்பது அதில் தெளிவாக இருக்கிறது. வரலாறு நிகழ்ந்துவிட்டது என்னும் தொனி அதில் இல்லை. ஒரு புதிய குழுவைக் கேட்ட இளைஞனின் குறும்பும் ஆவலுமே அக்கடிதம். உலகம் மாறிய இரவு என்னும் பெயர், உலகம் மாறிய பிறகே அந்த இரவுக்கு வந்து சேர்ந்தது.

இதே கட்டடத்தில் பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மற்றொரு மாலையை இதனருகே வைத்துப் பார்ப்பது தகும். 1966 மே 17. பாப் டிலன் முதற்பாதியில் தனியாகக் கிதார் மீட்டிப் பாடினார். பிற்பாதியில் ஹாக்ஸ் என்னும் ராக் குழுவுடன் மின்கிதார் ஏந்தி வந்தார். நாட்டார் இசையைக் கைவிட்டார் என்று சினந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் அவரை யூதாஸ் என்று அழைத்தது. இந்த மாலைக்கு ஒலிநாடாச் சான்று இருக்கிறது. ஆனால் அந்த நாடாவின் திருட்டுப் பதிப்புகள் லண்டனின் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பதிவானவை என்னும் தவறான பெயருடன் ஆண்டுக்கணக்கில் உலவின. 1998இல் முறையான பதிப்பு வந்தபோது, அந்தத் தவறான பெயரே மேற்கோள் குறிகளுக்குள் இடம்பெற்றது. அவ்வளவு காலம் நிலைத்த பிழையை நீக்கினால் ரசிகர்களுக்கு அந்த இசைத்தட்டு அடையாளம் தெரியாது என்னும் நிலை. அந்தக் குரல் தம்முடையதே என்று உரிமை கொண்டாடியவரும் ஒருவர் அல்லர். ஒலியைப் பதிவுக்கருவி காத்துவிடுகிறது; எங்கே, யாருடைய என்பவை கைமாறும்போது நழுவிவிடுகின்றன.

மனித நினைவும் இவ்வாறே இயங்குகிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உளவியலாளர் உல்ரிக் நைசர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் அச்செய்தியை எங்கே, எப்படிக் கேட்டனர் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், நிக்கோல் ஹார்ஷுடன் சேர்ந்து, அவர்களுள் 44 பேரிடம் அதையே மீண்டும் கேட்டார். 11 பேரின் விடை முன்பு எழுதியதோடு ஓரிடத்திலும் பொருந்தவில்லை. ஆனால் உறுதியில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். வகுப்பறையில் பிறர் பேசக் கேட்டதாக முதலில் எழுதிய ஒரு மாணவி, அறைத்தோழியுடன் தொலைக்காட்சியில் கண்டதாகப் பின்னர் நம்பினார். செய்தி மறக்கவில்லை. செய்தி வந்த வழி மறந்தது. அந்த வெற்றிடத்தில் அனைவரும் பார்த்த தொலைக்காட்சிப் படம் வந்து அமர்ந்தது.

தமிழில் இதற்கு ஒரே ஒரு விகுதி போதும். ‘நடந்தது’ என்பதற்கும் ‘நடந்ததாம்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு அது. பிறர் சொல்லக் கேட்டது என்பதை ‘ஆம்’ அறிவித்துவிடுகிறது. அதைத் தன்மையிலும் சேர்க்கலாம் என்பது நுட்பமான செய்தி. ‘குழந்தையாக இருக்கும்போது நிலவைக் காட்டினால்தான் சாப்பிடுவேனாம்’ என்று ஒருவர் சொல்லும்போது, அது தம்முடைய வாழ்வே ஆயினும் தாயின் நினைவு என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலத்தின் வினைச்சொல்லில் இந்த வசதி இல்லை. தனிச்சொற்களால் சொல்ல வேண்டும், சொல்லாமலும் விடலாம். எனினும் மொழியில் விகுதி இருப்பதாலேயே நினைவு காப்பாற்றப்பட்டுவிடாது. ‘ஆம்’ தேய்ந்து உதிர்ந்து, கேட்டது கண்டதாகிவிடும் அனுபவம் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. மான்செஸ்டரில் நிகழ்ந்ததும் அதுவே. நண்பன் போனானாம், நண்பனும் நாங்களும் போனோமாம், போனோம்.

அப்படியெனில் இந்நினைவுகளை வரலாற்றாசிரியர் குப்பையில் இடுவதா? இத்தாலிய வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி வேறொரு வழியைக் காட்டினார். தெர்னி என்னும் எஃகு ஆலை நகரில், 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தின்போது லூயிஜி த்ராஸ்தூல்லி என்னும் இளந்தொழிலாளி காவலர்களால் கொல்லப்பட்டார். ஊர் மக்களுள் பலர் அந்த மரணத்தை 1953ஆம் ஆண்டின் பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்து நினைவுகூர்ந்தனர். ஆண்டு தவறு. ஆனால் பொருளற்ற ஒரு சாவைத் தங்கள் வாழ்வின் பெரும் போராட்டத்தில் வைத்து அதற்குப் பொருள் தேடிக்கொண்டனர் என்பதை அந்தத் தவறே காட்டியது. பிழை எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஆவணம் வேண்டும். பிழை ஏன் பிறந்தது என்று காட்ட நினைவு வேண்டும்.

மான்செஸ்டருக்கு இது பொருந்தும். 1976இல் அந்நகரின் ஆலைகள் பல மூடிக் கிடந்தன, கிடங்குகள் வெறுமையாயின. 1990களில் அந்நகரம் தன்னை இசையின் ஊராக மீண்டும் அறிந்துகொண்டபோது, அந்த மறுபிறப்புக்கு ஒரு தொடக்க நாள் தேவைப்பட்டது. ‘நானும் இருந்தேன்’ என்று சொன்ன பலர் ஒரு கச்சேரியைப் பற்றிப் பேசவில்லை. நகரம் எழுந்தபோது தாம் வெளியே நிற்கவில்லை என்றே சொன்னார்கள். அக்கூற்று 1976க்குச் சான்று ஆகாது. அது சொல்லப்பட்ட ஆண்டுக்கு நல்ல சான்று.

ஆனால் இந்தப் பரிவுக்கு ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவர் வேறு சிலர். அந்த நாற்பது பேரில் பெயர் விளங்குபவர்கள், பின்னர் குழு தொடங்கியவர்களும் எழுதியவர்களுமே. மற்றையோர் என்ன ஆயினர்? சோல்ஸ்டிஸ் குழுவைக் கேட்க வந்தவர்கள் இருந்திருப்பர். பிடிக்காமல் பாதியில் எழுந்தவர்கள் இருந்திருக்கலாம். கேட்டு மகிழ்ந்து, மறுநாள் கிதார் வாங்காமல் வேலைக்குச் சென்று, அந்த இசையை மட்டும் வாழ்நாள் முழுதும் வைத்துக்கொண்டவர்களும் இருந்திருக்கலாம். அவர்களுள் ஒருவர் இன்று ‘நான் அங்கிருந்தேன்’ என்று சொன்னால் கேட்பவர் புன்னகைப்பார். பல நூறு பொய் நினைவுகள் செய்த உண்மையான தீங்கு இதுவே. மெய்யாகவே அங்கிருந்த எளிய மனிதரின் சொல் முதலில் நம்பிக்கையை இழந்தது.

ஆகவே பழைய கச்சேரியொன்றை நினைவுகூரும் ரசிகரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இருந்தீர்களா என்பதன்று. எந்த வழியாக உள்ளே போனீர்கள், பக்கத்தில் யார், வீட்டுக்கு எதில் திரும்பினீர்கள் என்பவையே கேள்விகள். திரைப்படம் மேடையைக் காட்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்த தெருவைக் காட்டாது. இரவல் நினைவு பெரும்பாலும் மேடையை நோக்கியே நிற்கிறது. சொந்த நினைவுக்கு, யாரும் கேட்டிராத ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும்.